'செட்' என்ற ஆங்கிலச் சொல்: தொழில்வாரியாகத் தமிழில் என்ன சொல்வது?

தொழிற்பயிற்சி_சேலம்

வணக்கம். தொழிற்பயிற்சி மாணவர்களுக்காக ஆங்கிலம்–தமிழ் சொற்பட்டியல் ஒன்று தயாராகிறது. கட்டடம், மின்பணி, பொருத்துநர், தறி, மரவேலை எல்லாப் பிரிவுக்கும் பொதுவானது. அதில் 'செட்' என்ற சொல்லுக்கு இப்போது இரண்டே பொருள்தான் இருக்கிறது: வினையாக வந்தால் 'அமை', பெயராக வந்தால் 'தொகுப்பு'. இதை வைத்துக்கொண்டு கையேடுகளைப் படித்தால் பாதி வாக்கியம் புரியவில்லை. சிமென்ட் அமைகிறது, சூரியன் அமைகிறது, ரம்பப் பல்லை அமை என்றெல்லாம் வருகிறது.

அவரவர் தொழிலில் இந்தச் சொல் எந்த வாக்கியத்தில் வருகிறது, அங்கே தமிழில் என்ன சொல்கிறோம், தவறாகப் புரிந்துகொண்டால் என்ன கெடும் என்று எழுதினால் உதவியாக இருக்கும். அகராதிப் பொருளை மட்டும் தராதீர்கள், வாக்கியத்தோடு தாருங்கள்.

சொல்வளம்

இந்தச் சொல் தொல்லை கொடுப்பதில் வியப்பில்லை. 1989-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவே 'செட்'தான். வினைக்கு மட்டும் 430 பொருள். பிற்பாடு திருத்தி எழுதும்போது 'ரன்' அதை முந்திவிட்டது.

இத்தனை பொருள் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பாதிச் சிக்கல் தீரும். உண்மையில் இது ஒரு சொல் அல்ல. வினைச்சொல்லான 'செட்', 'சிட்' என்பதன் பிறவினை. சிட் என்றால் உட்கார், செட் என்றால் உட்கார வை. நமக்கு இது பழக்கமான இலக்கணம்தான்: அமர்–அமர்த்து, இரு–இருத்து, நில்–நிறுத்து, படு–படுத்து. ஆங்கிலத்திலும் பழைய காலத்தில் இப்படி நிறைய ஜோடிகள் இருந்தன. லை–லே, ரைஸ்–ரெய்ஸ், ஃபால்–ஃபெல் ஆகியவை இன்றும் மிஞ்சியிருக்கின்றன. 'ஃபெல் எ ட்ரீ' என்றால் மரத்தை விழச்செய், அதாவது வெட்டிச் சாய்.

'ஒரு செட் பாத்திரம்' என்கிற பெயர்ச்சொல் வேறு வழியாக வந்தது. லத்தீனில் 'செக்டா' என்று ஒரு சொல். ஒருவரைப் பின்பற்றிப் போகிறவர்கள், கூட்டம் என்ற பொருளில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்து, ஒலி ஒற்றுமையால் வினைச்சொல்லோடு கலந்துவிட்டது. ஆகவே பட்டியலில் வினையையும் பெயரையும் ஒரே வரியில் போடாதீர்கள். தனித்தனிப் பதிவாகவே இருக்கட்டும்.

இன்னொரு தொல்லை, இதற்கு இறந்தகாலம், நிகழ்காலம், எச்சம் எல்லாம் ஒரே வடிவம். 'செட் வேல்யூ' என்று பார்த்தால் 'மதிப்பை வை' என்ற கட்டளையா, 'வைக்கப்பட்ட மதிப்பு' என்ற பெயர்த்தொடரா என்று சொல்லை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. 'செட் த வேல்யூ' என்று 'செட்'டுக்கும் பெயருக்கும் நடுவே 'த' என்ற சுட்டு இருந்தால் பெரும்பாலும் கட்டளை. படத்தில் அம்புக்குறியோடு இருந்தால் பெயர்த்தொடர்.

தமிழ்ச் சொல்லைத் தேடுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: ஆள் வைக்கிறாரா, பொருள் தானாக மாறுகிறதா? 'சிமென்ட் செட்ஸ்' என்பதில் ஆளே இல்லை. 'அமை' என்று போட்டதும் அங்கே ஒரு ஆள் வந்துவிடுகிறார். பிழை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கலவை_மட்டம்

கட்டட வேலையில் இது சாதாரண விஷயம் இல்லைங்க. 'செட்டிங்', 'ஹார்டனிங்' இரண்டையும் 'கெட்டியாதல்' என்றே மொழிபெயர்த்து வைத்திருக்கும் கையேடு நிறைய இருக்கிறது. இரண்டும் வேறு.

செட்டிங் என்றால் இறுகுவது. குழைவாக இருந்த கலவை குழைவை இழக்கிறது, அவ்வளவுதான். விரலால் அழுத்தினால் குழி விழாது, ஆனால் கரண்டியால் கிளறினால் உடைந்துவிடும். ஹார்டனிங் என்றால் வலு ஏறுவது. அது நாள்கணக்கில் நடக்கும். 3, 7, 28 நாள் என்று அழுத்திச் சோதிப்பது அதைத்தான். 53 கிரேடு என்பது 28-ஆம் நாள் வலு.

இந்தியத் தரப்படி சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட் 30 நிமிடத்துக்கு முன்னால் இறுகத் தொடங்கக் கூடாது, 600 நிமிடத்துக்குள் இறுகி முடிய வேண்டும். விகாட் கருவியில் பார்ப்பார்கள். 40 மில்லிமீட்டர் உயர அச்சில் சிமென்ட் பசையை நிரப்பி ஊசியை இறக்கினால், முதலில் அடிவரை போகும். அடியிலிருந்து சுமார் 5 மில்லிமீட்டர் உயரத்தில் ஊசி நின்றுவிட்டால் அது தொடக்க இறுக்கம். இறுதி இறுக்கத்துக்கு ஊசியைச் சுற்றி வளையம் வைத்த முனை. ஊசி தடம் பதிக்கும், வளையம் பதிக்காது.

கெடுவது எங்கே? கலவை தட்டில் கிடந்து இறுகத் தொடங்கியதும் மேலே தண்ணீர் தெளித்து மறுபடி குழைத்துப் பூசுவார்கள். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அதற்குள் கட்டிக்கொண்டிருந்த பிணைப்பு அறுந்துபோகும், சேர்த்த தண்ணீரும் வலுவைக் குறைக்கும். பூச்சு ஆறு மாதத்தில் பொத்துக்கொண்டு வரும். அதனால்தான் தண்ணீர் சேர்த்த அரை மணிக்குள் தீரும் அளவுக்கு மட்டும் கலக்கச் சொல்கிறோம். 'கெட்டியாகும் நேரம் 10 மணி' என்று மொழிபெயர்ப்பில் படித்தவர், அதன்பிறகு தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று நினைத்துக்கொள்கிறார். இறுகி முடிந்த பிறகுதான் நீராற்றலே, அதாவது தண்ணீர் விட்டு ஈரமாக வைத்திருப்பதே, தொடங்குகிறது, குறைந்தது 7 நாள்.

ஆகவே பட்டியலில்: செட்டிங் – இறுகல். ஹார்டனிங் – வலுவேறல். 'கெட்டி' என்ற சொல்லை இந்த இடத்தில் எடுத்துவிடுங்கள்.

உலைச்செங்கல்

மேலே உள்ளதோடு ஒன்று சேர்க்கிறேன். நம் ஊர் வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட், இந்த வேறுபாட்டுக்கு நல்ல எடுத்துக்காட்டு. 700 முதல் 1000 டிகிரிக்குள் சுட்டால் கிடைக்கும் மக்னீசியா சுறுசுறுப்பானது. மக்னீசியம் குளோரைடு கரைசலோடு கலந்தால் இறுகும், தளம் போடவும் பயன்படும். அதையே 1500 டிகிரிக்கு மேல் சுட்டால் படிகம் நெருக்கமாகிப்போய் கரைசலோடு சேரவே சேராது. ஆங்கிலத்தில் அதை 'டெட் பர்ன்ட்' என்பார்கள். அது உலைச்செங்கலுக்குப் போகும். முதல் வகை செட் ஆகும், இரண்டாவது செட் ஆகாது. இங்கே 'அமையாது' என்று எழுதினால் யாருக்கு என்ன புரியும்?

ரிலே

மின்பணிக்கு வருகிறேன். இங்கே 'செட்' என்றால் பெரும்பாலும் 'வை' போதும். 'அமைக்கவும்' என்ற சொல்லே வேண்டாம். முள்ளை 5-இல் வை, நேரத்தை வை, ரிலேயை இத்தனை ஆம்பியருக்கு வை. எல்லோரும் பேசுவது இதுதான்.

ஆனால் எந்த அளவுக்கு வைப்பது என்பதில்தான் மோட்டார் எரிகிறது. கிணற்று மோட்டாரின் ஓவர்லோடு ரிலேக்கு, அதாவது மின்னோட்டம் அளவு மீறினால் விழுந்து மோட்டாரை நிறுத்தும் கருவிக்கு, கையேட்டில் 'செட் டு ரேட்டட் கரன்ட்' என்று இருக்கும். மோட்டார் பெயர்ப்பலகையிலுள்ள ஃபுல்லோடு ஆம்பியரைப் பார்த்து அதே அளவுக்கு வைக்க வேண்டும். ஸ்டார்–டெல்டா ஸ்டார்ட்டரில் ரிலே மெயின் லைனில் இல்லாமல், சுருளுக்குப் போகும் பாதையில் மெயின் கான்டாக்டருக்குக் கீழே இருந்தால் 0.58 ஆல் பெருக்கி வைக்க வேண்டும். 15 ஆம்பியர் மோட்டாருக்கு 8.7. அங்கே 15 என்றே வைத்துவிட்டால் ஒரு ஃபேஸ் போனாலும் ரிலே விழாது, சுருள் கருகிவிடும். மிகக் குறைத்து வைத்தால் ஓடத் தொடங்கியதும் விழுந்துகொண்டே இருக்கும். உடனே யாராவது முள்ளைக் கடைசிவரை திருகிவிடுவார்கள், பிறகு பாதுகாப்பே இல்லை.

சொல்வளம் சொன்ன கட்டளை–பெயர் குழப்பத்துக்குப் பாய்லரில் ஓர் ஆபத்தான இடம் உண்டு: 'செட் பிரஷர்'. பாதுகாப்பு வால்வின் தகட்டில் பொறித்திருக்கும். 'அழுத்தத்தை அமை' என்று மொழிபெயர்த்தால் ஆபரேட்டர் அந்த அழுத்தத்துக்கு நீராவியை ஏற்றப் பார்ப்பார். அதன் பொருள் 'வால்வு திறக்கும் அழுத்தம்'. ஓட்டும் அழுத்தம் அதற்குக் கீழே இருக்க வேண்டும். திறந்த வால்வு அதே அளவில் மூடாது, சற்றுக் கீழே இறங்கிய பிறகே மூடும். ஜவ்வரிசி ஆலை, சாயப்பட்டறை என்று நம் பக்கம் பாய்லர் இல்லாத தொழிலா? தயவுசெய்து இதைத் தனிப் பதிவாகவே போடுங்கள்.

பட்டை_வேலை

லாரிப் பட்டையில், அதாவது சக்கரத்துக்கு மேல் சுமை தாங்கும் வளைந்த பட்டை ஸ்பிரிங்கில், இந்தச் சொல் நேர்மாறாக வரும். 'த ஸ்பிரிங் ஹேஸ் டேக்கன் எ செட்' என்றால் பட்டை வளைவை இழந்து அப்படியே நின்றுவிட்டது என்று பொருள். நாம் 'பட்டை உட்கார்ந்துடுச்சு' என்போம். சிமென்ட் செட் ஆனால் நல்லது, பட்டை செட் ஆனால் பழுது. சுமையை இறக்கிய பிறகும் வண்டி ஒரு பக்கம் தாழ்ந்தே நின்றால் இதுதான். பட்டையைக் கழற்றிச் சமதளத்தில் வைத்து இரண்டு பக்க வளைவு உயரத்தையும் அளந்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

சொல்வளம்

'உட்கார்ந்துடுச்சு' என்பதே மூலப் பொருளுக்கு மிக அருகில் இருக்கிறது. பட்டியலில் அப்படியே போடலாம்.

சேர்வராயன்_தோட்டம்

காப்பித் தோட்டத்தில் 'ஃப்ரூட் செட்' என்று வரும். தமிழில் காய்பிடிப்பு, பேச்சில் பிஞ்சு பிடிக்கிறது. மார்ச், ஏப்ரலில் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் மழை பெய்தால் மொட்டு விழித்து எட்டுப் பத்து நாளில் தோட்டம் முழுவதும் வெள்ளையாகப் பூக்கும். அதைப் பிளாசம் ஷவர் என்பார்கள். அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் இன்னொரு மழை வேண்டும். அது வந்தால்தான் பிடித்த பிஞ்சு உதிராமல் நிற்கும். பூ விரிந்த அன்றே மழை அடித்தால் மகரந்தம் கழுவிப் போய்விடும், பூ ஏராளமாக இருந்தும் பிஞ்சு குறையும். அராபிகா தன்மகரந்தச் சேர்க்கை என்பதால் ஓரளவு தப்பும். ரொபஸ்டாவுக்கு வேறு செடியின் மகரந்தம் வேண்டும், அங்கே இழப்பு அதிகம்.

ஆகவே 'ஃப்ளவரிங்' நன்றாக இருந்தது என்றால் 'செட்' நன்றாக இருக்கும் என்று பொருளில்லை. சில கிளைகளில் நூல் கட்டி, பூவை எண்ணி வைத்து, பிறகு பிஞ்சை எண்ணினால்தான் பிடிப்பு எவ்வளவு என்று தெரியும். மாமரத்துக்கும் இதே சொல்தான்.

கீழே சமவெளியில் மரவள்ளி நடுகிறவர்களுக்கு இன்னொரு 'செட்' உண்டு. ஆங்கிலத்தில் கடைசியில் இரண்டு 'டி' போட்டும் எழுதுவார்கள். அது கரணை. கரும்புக்கும் கரணைதான். மரவள்ளிக்கு முற்றிய தண்டின் நடுப்பகுதியில் 15 முதல் 20 சென்டிமீட்டர், 8 முதல் 10 பரு இருக்கும்படி வெட்டி, பரு மேல்நோக்க நட்டுவைக்க வேண்டும். நுனித் தண்டு வாடிப்போகும், அடித்தண்டு கட்டையாகிப் போயிருக்கும். தலைகீழாக நட்டால் முளைப்பு தாமதமாகும், சீராகவும் இருக்காது.

ஜவ்வரிசி_மாவு

ஒரு திருத்தம் முன்கூட்டியே. மரவள்ளிப் பாலைத் தொட்டியில் விடுவதை 'செட்டிங் டேங்க்' என்று சிலர் எழுதுகிறார்கள். அது 'செட்லிங்'. மாவு அடியில் படிகிறது, மேலே தண்ணீர் தெளிகிறது. செட்டில் – படிதல், செட் – இறுகுதல். படிந்த மாவை நெடுநேரம் அப்படியே விட்டால் புளித்து நிறம் மங்கும். அந்த நேரக் கணக்கை இறுகும் நேரம் என்று படித்தால் சரக்கு போச்சு.

சாயப்பட்டறை

நூலுக்குச் 'செட் த கலர்' என்று எழுதியிருந்தால் சாயத்தை நிலைநிறுத்து என்று பொருள். நாம் 'சாயம் பிடிக்க வை' என்போம். இணையத்தில் ஆங்கிலக் குறிப்பைப் பார்த்து, துணி சாயம் போகாமலிருக்க உப்புத் தண்ணீரில் ஊறப்போடுகிறவர்கள் நிறைய. பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்தில் உப்பின் வேலை வேறு. சாயத்தைக் கரைசலிலிருந்து நூலுக்குள் தள்ளுவது உப்பு, நூலோடு கட்டிப்போடுவது சலவைச் சோடா. அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 50 கிராம் உப்பு, 20 கிராம் சோடா என்பது பரவலான அளவு. உப்பு முதலில், சோடா பிறகு. சோடாவை முதலிலேயே கொட்டினால் சாயம் நூலைச் சேருமுன் தண்ணீரோடு சேர்ந்து வீணாகும், நிறமும் திட்டுத்திட்டாக வரும். கடைசியில் கொதிநீரில் சோப்புப் போட்டு அலசாவிட்டால் ஒட்டாத சாயம் மேலே நிற்கும், முதல் துவைப்பில் அதுதான் போகும். முடித்த துணியை வீட்டில் உப்பில் ஊறவைப்பதால் சோடா செய்யாமல் விட்ட வேலை நடந்துவிடாது.

பட்டுக்கு இது பொருந்தாது. அமிலச் சாயம், வினிகர் அமிலம், சூடு. சோடா பட்டை அரிக்கும். நம் வெண்பட்டுக்குச் சோடா அருகிலேயே வரக் கூடாது.

செவ்வாய்ப்பேட்டை_வெள்ளி

கொலுசு வியாபாரத்தில் 'செட்' என்ற சொல்லை எழுத்தில் தவிர்த்துவிடுங்கள். '10 செட்' என்று ஆர்டர் எழுதினால் ஒருவர் 10 ஜோடி என்று எடுத்துக்கொள்வார், இன்னொருவர் ஒரே டிசைனில் பல அளவு சேர்ந்த தொகுதி 10 என்று எடுத்துக்கொள்வார். எடையில் பெரிய வித்தியாசம் வந்துவிடும். 'ஜோடி' என்று எழுதி, பக்கத்தில் நீளம் அங்குலத்தில், ஜோடி எடை கிராமில் எழுதினால் தகராறில்லை. கல்லுக்கு வந்தால் 'செட்' என்பது பதி. 'ஸ்டோன் செட்' என்பது கல் பதித்தது, கல் தொகுதி அல்ல.

தறி_அம்மாபேட்டை

எல்லாவற்றுக்கும் தமிழ் தேடுவதைவிட 'செட்' என்றே விட்டால் என்ன? பம்பு செட், செட் தோசை, சினிமாவுக்குச் செட் போடுவது எல்லாம் தமிழாகவே ஆகிவிட்டதே. ஏற்காடு சாலையில் 1935-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமாக் கம்பெனி வந்த காலத்திலிருந்து ஊருக்கே தெரிந்த சொல்.

சொல்வளம்

நீங்கள் சொன்ன மூன்றையும் நானும் மாற்ற மாட்டேன். பம்பு செட்டை 'இறைப்புத் தொகுதி' என்று எழுதினால் கடையில் கிடைக்காது. ஆனால் பொதுவாக விட்டுவிட முடியாததற்குக் காரணம் இருக்கிறது. தமிழில் 'செட்' தன் வழியில் வளர்ந்துவிட்டது. 'எனக்கு இது செட் ஆகல' என்றால் ஒத்துவரவில்லை என்று பொருள். ஆங்கிலச் சொல்லுக்கு அந்தப் பொருள் கிடையாது, அங்கே 'சூட்' என்பார்கள். 'இந்தச் சிமென்ட் செட் ஆகல' என்று எழுதினால் இறுகவில்லையா, இந்த வேலைக்கு ஒத்துவரவில்லையா? இரண்டுக்கும் மாற்று வழி வேறு. பெயராக வரும்போது 'செட்' இருக்கட்டும், வினையாக வரும்போது தமிழ் வினையைப் போடுங்கள் என்பது என் கருத்து.

கணிதத்தில் மட்டும் பெயருக்கும் தமிழ் வேண்டும்: கணம். நம் பாடநூலில் கணம், இலங்கைப் பாடநூலில் தொடை. கணிதக் கணத்தில் ஒரே உறுப்பை இருமுறை எழுதினாலும் ஒன்றுதான், வரிசைக்கும் மதிப்பில்லை. ஸ்பானர் செட்டில் ஒரே அளவு இரண்டு இருந்தால் இரண்டுதான்.

நீதிமன்ற_மொழிபெயர்ப்பு

நீதிமன்ற மொழியில் மூன்று தொடர். 'செட் அசைடு' – ரத்து செய். 'ஒதுக்கி வை' என்று எழுதினால் தீர்ப்பு நிலுவையில் இருப்பதுபோல் படும். ஒருவர் வராத நிலையில் வந்த ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணையை ரத்து செய்ய உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 9 விதி 13-இன்படி மனு, காலவரம்பு 30 நாள். அழைப்பாணை முறையாகச் சார்பு செய்யப்படவில்லை, அதாவது அவர் கையில் சேர்க்கப்படவில்லை என்றால் அந்த 30 நாள் தீர்ப்பாணையை அறிந்த நாளிலிருந்து. ஆனால் பணத்தில் 'செட் அசைடு' வந்தால் ஒதுக்கி வை என்பதே சரி. 'செட் ஆஃப்' – வாதி கேட்கும் தொகையில் தனக்கு வரவேண்டியதைக் கழித்துக்கொள்வது, கட்டளை 8 விதி 6. பட்டாசில் அதே சொல் வந்தால் பற்றவை, பயணத்தில் வந்தால் கிளம்பு. 'செட்பேக்' வழக்கில் பின்னடைவு, கட்டட வரைபடத்தில் மனை எல்லைக்கும் சுவருக்கும் நடுவே விட வேண்டிய இடம்.

தொழிற்பயிற்சி_சேலம்

மிக உதவியாக இருக்கிறது. இணைச்சொல் அகராதியில் 'செட்' என்பதற்குப் புட், பிளேஸ், லே, ஃபிக்ஸ், அட்ஜஸ்ட், ஹார்டன், காஞ்சீல் என்று வரிசையாக இருக்கிறதே. இவற்றை ஒன்றுக்கொன்று மாற்றிப் போடலாமா?

சொல்வளம்

கூடாது. புட் என்றால் இடம் மாற்றுவது மட்டும், எங்கே விழுந்தாலும் சரி. பிளேஸ் என்றால் கவனமாக வைப்பது. செட் என்றால் குறித்த இடத்தில் அல்லது அளவில் வைத்து, அங்கேயே நிற்கச் செய்வது. லே என்றால் கிடைமட்டமாகப் படுக்க வைப்பது. அதனால் செங்கல்லுக்கும் குழாய்க்கும் லே, எல்லைக்கல்லுக்குச் செட். அட்ஜஸ்ட் என்றால் ஏற்கெனவே வைத்ததைச் சற்றே நகர்த்துவது. முதல்முறை வைப்பதற்கு அது பொருந்தாது. ஃபிக்ஸ் நம் ஊர் ஆங்கிலத்தில் பொருத்து, அமெரிக்கக் கையேட்டில் பெரும்பாலும் பழுதுபார். ஹார்டன் எஃகில் வந்தால் சூடாக்கி எண்ணெயிலோ தண்ணீரிலோ முக்குவது. அங்கே செட்டுக்கு வேலையே இல்லை. காஞ்சீல் கொழுப்பும் இரத்தமும் உறைவதற்கு.

தயிருக்குச் 'செட்' வந்தால் உறை. அது மலையில் ஒரு மாதிரி, ஊருக்குள் ஒரு மாதிரி. பால் 40 டிகிரி அளவில் இருக்கும்போது உறை ஊற்றி, அசைக்காமல் வைக்க வேண்டும். ஏற்காட்டுக் குளிரில் பாத்திரத்தைத் துணியால் சுற்றி வைக்காவிட்டால் விடிந்தும் பாலாகவே இருக்கும். பாதி உறையும்போது ஆட்டினால் தண்ணீர் பிரியும்.

இழைப்புளி

ரம்பம் விட்டுப்போனது. 'செட் த டீத்' என்றால் பல்லை ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமுமாகச் சாய்த்துவிடு என்று பொருள், கூர் தீட்டுவது அல்ல. அறுக்கும் வெட்டு தகட்டைவிட அகலமாக விழ வேண்டும், இல்லாவிட்டால் ரம்பம் மரத்துக்குள் சிக்கிச் சூடாகும். பல்லின் மேல்பாதியை மட்டும் சாய்க்க வேண்டும். அடியோடு மடக்கினால் பல் ஒடியும். வெட்டின் அகலம் தகட்டின் கனத்தைப்போல் ஒன்றரை மடங்கைத் தாண்டினால் தூள்தான் அதிகம் விழும், அறுப்பு கோணலாகும். ஒரு பக்கம் மட்டும் கூடுதலாகச் சாய்ந்திருந்தால் ரம்பம் அந்தப் பக்கமே இழுக்கும்.

காய்ந்த தேக்குக்குக் குறைந்த சாய்வு போதும். ஏற்காட்டில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக்கைப் பச்சையாக அறுப்பதானால் சாய்வைக் கூட்டுங்கள், ஈரநார் தகட்டைக் கவ்வும். சாய்த்த பிறகுதான் அரம் போட வேண்டும். முதலில் கூராக்கிவிட்டுச் சாய்த்தால் முனை மழுங்கிவிடும். பட்டியலில் 'பல் சாய்த்தல்' என்று போட்டு, 'தீட்டுவதற்கு முன்' என்று பக்கத்தில் எழுதிவிடுங்கள்.